தேய்ந்த குதிரை

பசறை வீதி, பதுளை.
04.06.2023

அழகையாவுக்கு,

என்னுடைய துவக்கைத் தம்பி குமாரசிங்கம் உம்மிடம் கொண்டுவந்து தருவான். எனக்குக் காது அறவே கேட்காமல் போய்விட்டதால் தொலைபேசியில் கதைத்துப் பிரயோசனம் இல்லை. இடையில் ஆள் வைத்துச் சொல்லுவித்தால் ஒன்று பத்தாகும். அதனால் எழுதுகிறேன். வடிவாக வாசியும்.

துவக்கு எங்கள் அப்பாவுடையது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து இடித்து, ஈயச் சன்னம் போட்டு, பின்னால் தீப்பொறி தருகிற கேப் வைத்துச் சுடுகிற பழைய சாதி. அப்பாவுக்கு அதை விற்ற வெள்ளைக்காரத் துரைக்கே அது பாட்டன் சொத்தாம். நூற்றைம்பது வயது இருக்கும். அனுமதிப்பத்திரம் இப்போது என் பெயரில் இருக்கிறது. லுணுகலைக் காணியில் இந்த முறையும் பன்றி வந்து பாதி மரவள்ளியைக் கிண்டிப் போட்டுவிட்டது. தம்பி அங்கே தனியே இருந்து தகரம் தட்டிக் களைத்துவிட்டான். வருட முடிவில் பத்திரம் புதுப்பிக்கிற நேரம் துவக்கை நல்ல நிலையில் காட்டவும் வேண்டும். பதுளையில் துவக்குத் திருத்த அனுமதி வைத்திருந்தவர் செத்துப்போனார். கொழும்புக்குக் கொண்டு திரிய என்னால் ஏலாது. தோட்டத்துப் பெக்டரியில் பிட்டராக இருக்கிற உமக்குத்தான் அந்தப் பக்கத்தில் கைவேலை சுத்தம் என்று தம்பி சொல்கிறான்.

செய்ய வேண்டியது இரண்டே இரண்டு. குதிரை தேய்ந்து வழுக்குகிறது, அதை மாற்றும். கேப் குந்துகிற காம்பு அரித்துப் போயிருக்கிறது, அதையும் மாற்றும். வேறு ஒன்றிலும் கை வைக்க வேண்டாம். பழைய சாமான், ஒன்றைத் தொட்டால் ஒன்பது கழலும்.

நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவள். விளங்கும்படிதான் எழுதியிருக்கிறேன். சந்தேகம் கேட்டு நீர் எழுத, அதற்கு நான் பதில் எழுத, மாதத்தை ஓட்ட வேண்டாம். எழுதியதைச் செய்யும்.

இப்படிக்கு,
சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம், மேக்கணக்கு,
லுணுகலை.
25.06.2023

மதிப்புக்குரிய டீச்சரம்மாவுக்கு அழகையா எழுதிக்கொள்வது.

துப்பாக்கி வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை குமாரசிங்கம் ஐயா வந்து எடுத்துக்கொண்டு போனார். லயத்துக்குப் பின்னாலேயே நின்று ஒரு வெடி போட்டும் பார்த்தார். லயத்து நாய் எல்லாம் ஓடிப்போய்விட்டது.

காம்புதான் என் உயிரை வாங்கியது. அதன் மரை இன்றைக்குக் கடையில் விற்கிற எந்த ஆணிக்கும் சேரவில்லை. பதுளையில் இரண்டு கடையும் பண்டாரவளையில் ஒரு கடையும் ஏறி இறங்கினேன். கடைசியில் பழைய காம்பின் மரையை எண்ணிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பெக்டரி லேத்தில் நானே கடைந்தேன். மூன்று கெட்டுப்போய் நாலாவதுதான் சரியாக ஏறியது.

குதிரைக்கு உடைந்த ரோலர் மெசினின் ஷாஃப்ட் துண்டு ஒன்று கிடைத்தது. நல்ல உருக்கு. பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரத்தால் அராவி எடுத்தேன். பழையதைவிடக் கொஞ்சம் தடிப்பாகவே விட்டிருக்கிறேன், இனி நம் காலத்தில் தேயாது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் விட்டேன். மூன்று நாள் சோற்றில் அந்த வாடை வந்தது என்று என் வீட்டுக்காரி வேலாயி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். பூட்டிய பிறகு குதிரையை இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

கழற்றிய பழைய சாமானை ஐயாவிடம் நீட்டினேன். குப்பையில் போடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. பெக்டரியில் பழையதைக் காட்டாமல் புதியது தரமாட்டார்கள், முப்பது வருடமாக அதே பழக்கம். பெயர் எழுதிச் சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் தருவேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல நினைத்தேன். வேறொன்றிலும் கை வைக்க வேண்டாம், கேட்டு எழுதவும் வேண்டாம் என்று அம்மா எழுதியிருப்பதால் விட்டுவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ. அழகையா


பதுளை.
16.07.2023

அழகையா,

நடந்தது எனக்கு முன்னமே உமக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

12ஆம் தேதி பின்னேரம் ஐந்தரை மணி. தம்பி துவக்கில் மருந்து இடித்து, கேப்பும் வைத்துக்கொண்டு, பன்றி இறங்குகிற பக்கம் போகலாம் என்று வேலிக் கடப்பைத் தாண்டியிருக்கிறான். கால் கொஞ்சம் சறுக்கியது. விழவும் இல்லை. துவக்கு தானாக வெடித்தது. மரவள்ளிக்குள் குனிந்து கூலிக்குப் புல் பிடுங்கிக்கொண்டு நின்ற உம்முடைய தோட்டத்து அங்கம்மாவின் இடது காலில் பதினொரு சன்னம்.

பதுளை ஆஸ்பத்திரியில் அவளைப் போய்ப் பார்த்தேன். காலை எடுக்கவில்லை. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று டொக்டர் எழுதிக் காட்டினார். மலையில் கொழுந்து எடுக்கிற ஒருத்திக்கு மடங்காத காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் தாளையும் பேனையையும் நீட்டினேன். அந்தக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி குதிரையில் விரலே வைக்கவில்லை என்று கதிர்காமக் கந்தன் மேல் சத்தியம் பண்ணுகிறான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பொலிஸ் அவனைப் பிடித்துப் பிணையில் விட்டிருக்கிறது, இப்போது என்னோடுதான் இருக்கிறான். அறுபத்தொரு வயதில், நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்த ஆள். மறியல்வீட்டில் போட்டால் உயிரோடு வரமாட்டான்.

குதிரையை மாற்றினேன், இனித் தேயாது என்று பெருமையாக எழுதினீரே. என்னத்தை மாற்றினீர்?

சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம்.
20.07.2023

டீச்சரம்மாவுக்கு,

அங்கம்மா குடியிருப்பது எங்கள் லயத்து வரிசையில் மூன்றாவது காம்பிரா. நாங்கள் ஐந்தாவது. அவளை இரத்தத்தோடு கிடத்திக் கொண்டுவந்த சாக்கைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்கு விவரம் சொல்லத் தேவையில்லை.

என்னத்தை மாற்றினாய் என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியதை மாற்றினேன். குதிரையை மாற்றினேன். ஐயா குதிரையைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறாராம். செய்யட்டும். குதிரையை இழுக்காமல் எந்தத் துப்பாக்கியும் வெடிக்காது. இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

பொலிஸ் என்னிடமும் வந்தது. லைசன் இல்லாமல் துப்பாக்கியில் கை வைத்தது குற்றமாம். பெக்டரி லேத்தை யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று தோட்டத்துத் துரை எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். வேலை போனால் காம்பிராவும் போகும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பீலியில் வேலாயி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாளாம், “ஒன் புருசன் செஞ்ச துப்பாக்கிதானே அங்கம்மாவச் சுட்டுச்சு? எப்புடி அந்தக் கையால சோறு வாங்கித் திங்கிற?” வேலாயி பேர் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

இன்னொன்று. அம்மா என்னை நீர், நீர் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. நீ என்றால் கோபிக்கலாம், நீங்கள் என்றால் சந்தோஷப்படலாம். இந்த நீரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அ. அழகையா


பதுளை.
27.07.2023

அழகையாவுக்கு,

தம்பியைப் பொய்யன் என்று எழுதியிருக்கிறீர். விரல் வைக்கவில்லை என்று அவன் சொல்கிறான், இழுத்தான் என்று நீர் சொல்கிறீர். நீர் அங்கே நிற்கவில்லை. இதை நான் மறக்கமாட்டேன்.

நீர் என்பது எங்கள் ஊரில் மரியாதைச் சொல்தான். உமக்கு ஏறாவிட்டால் நான் என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 21ஆம் தேதி பொலிஸில் என் வாக்குமூலம். துவக்குக்காரி நான், திருத்தக் கொடுத்தவளும் நான் என்பதால் என் சொல்லைத்தான் முக்கியமாக எடுப்பார்கள் என்று சட்டத்தரணி றஷீதா எழுதியிருக்கிறார். திருத்தியவரின் பிழையால்தான் வெடித்தது என்று நின்றால் தம்பியின் வழக்கு இலேசாகும். துவக்கின் சொந்தக்காரி சரியாகச் சொல்லிக் கொடுத்தாள் என்பதற்கு ஒரே சாட்சி ஜூன் 4ஆம் தேதி நான் உமக்கு எழுதிய கடிதம். அதன் பிரதி என்னிடம் இல்லை. அந்தக் கடிதத்தை எனக்குப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பும்.

அது என் கையெழுத்து. என்னுடையதை நான் கேட்கிறேன்.

சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம்.
02.08.2023

டீச்சரம்மாவுக்கு,

தபாலில் போட்ட பிறகு கடிதம் வாங்கியவனுக்குத்தான் சொந்தம். இது எனக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஒரு தாள்தான் என்னையும் காப்பாற்றும். அது உங்கள் கைக்குப் போய் அடுப்புக்குப் போனால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? படித்த டீச்சர் சொல்வதா, எட்டாம் வகுப்புப் பிட்டர் சொல்வதா என்று வந்தால் முடிவு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் என்று எழுதவில்லை. செய்யமாட்டீர்கள் என்று நம்பவும் முடியவில்லை. கோபித்தாலும் சரி, மனதில் இருப்பதை எழுதிவிட்டேன்.

பவாஸ் கடையில் போட்டோ கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நன்றாக வாசியுங்கள். குதிரையை மாற்றும் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அசல் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. பொலிஸில் நான் அதைத்தான் காட்டப்போகிறேன்.

அ. அழகையா


பதுளை.
07.08.2023

அழகையாவுக்கு,

கொப்பி கிடைத்தது. நன்றி. எதை வைத்து உம்மைக் காப்பாற்றப் போகிறீரோ அதுவே உம்மைப் பிடித்துக் கொடுக்கும் என்பதை நீர் கவனிக்கவில்லையா?

குதிரை தேய்ந்து வழுக்குகிறது, அதை மாற்றும். என் கையெழுத்துத்தான். ஓம், நான்தான் எழுதினேன். இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகும் அது மாற்றப்படவில்லை. பொலிஸ் துவக்கைக் கழற்றிப் பார்த்தபோது தம்பியும் பக்கத்தில் நின்றான். பழைய குதிரை பழைய இடத்திலேயே இருக்கிறது, தேய்ந்தது தேய்ந்தபடி, அப்பா காலத்துக் கீறல்கூட அப்படியே இருக்கிறது என்று எழுதிக் காட்டினான். மாற்றாமலே மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர். அரத்தால் அராவினீராம். எண்ணெய் வாடை சோற்றில் வந்ததாம்!

கழற்றிய பழையதைச் சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன் என்று சொன்னீர் அல்லவா? இப்போது கேட்கிறேன். அனுப்பும், பார்ப்போம். அனுப்ப உம்மால் முடியாது, இல்லாததை எப்படி அனுப்புவீர்? 21ஆம் தேதி, இந்த மனிதன் என்னை ஏமாற்றினான் என்ற ஒரே வசனத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம்.
10.08.2023

டீச்சரம்மாவுக்கு,

பழைய குதிரை இத்துடன் வருகிறது. பதிவுத் தபால். சீட்டைக் கழற்றவில்லை.

நான் குடிப்பேன், கோபக்காரன், வேலாயியிடம் கேட்டால் இன்னும் பத்துக் குறை சொல்லுவாள். ஆனால் செய்யாத வேலையைச் செய்தேன் என்று என் வாழ்க்கையில் சொன்னதில்லை. இதைப் பார்த்த பிறகும் நான் ஏமாற்றுக்காரன் என்று தோன்றினால் பொலிஸில் அப்படியே சொல்லுங்கள்.

அ. அழகையா


பதுளை.
14.08.2023

அழகையா அவர்களுக்கு,

பார்சல் சனிக்கிழமை கிடைத்தது. இன்று திங்கள். இடையில் இரண்டு நாள் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. கோபச் சிரிப்பு. குதிரையைக் கேட்டால் இந்த மனிதர் சுத்தியலை அனுப்பியிருக்கிறாரே என்று. கேப்பின் தலையில் வந்து விழுந்து அடிக்கிற பாகத்தை எங்கள் வீட்டில் சுத்தியல் என்றுதான் சொல்வோம். பிறகு சீட்டைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து. ‘டீச்சரம்மா துப்பாக்கி. பழைய குதிரை. 11.06.23.’ அன்றைக்கு அங்கம்மா நல்ல காலோடு மலை ஏறிக்கொண்டிருந்தாள். பொலிஸ் இல்லை, வழக்கு இல்லை. ஒரு இரும்புத் துண்டில் பொய்ப் பெயர் எழுதிக் கட்ட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் அப்பா விரலால் இழுக்கிற விசையையும், அதோடு சேர்ந்து உள்ளே பிடிக்கிற பல்லையும்தான் குதிரை என்பார். எனக்குத் தெரிந்த குதிரை அது ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த குதிரை பாய்ந்து அடிக்கிறது. அதுவும் தேய்ந்துதான் இருக்கிறது, முகத்தில் குழி விழுந்து, பூட்டுகிற ஓட்டை அகன்று போய். அதுவும் வழுக்கியிருக்கும். நான் எழுதிய வசனம் அதற்கும் அப்படியே பொருந்துகிறது.

எல்லாக் கடிதத்தையும் திரும்ப வாசித்தேன். குதிரையை இழுக்காமல் துப்பாக்கி வெடிக்காது என்று எழுதியிருந்தீர்கள். தம்பியைப் பொய்யன் என்கிறீர்கள் என்று நான் குதித்தேன். நீங்கள் சொன்னது, அடிக்கிறதைப் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தால்தான் வெடிக்கும் என்று. தம்பியைக் கேட்டேன். இழுத்து நிறுத்தியபடிதான் கடப்பைத் தாண்டினேன், விசையில் மட்டும் விரல் வைக்கவில்லை என்றான். நீங்களும் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்த நான் ஒரு சொல்லை எழுதி, கேள்வி கேட்காதே என்று கதவையும் சாத்திவிட்டேன்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினான். ‘ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. அந்த இரும்பை ஓயா ஆத்திலை எறி. 21ஆந் தேதி முடியட்டும்.’ வாயால் சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. எழுத்தில் இருந்ததை நான் இரண்டு முறை வாசித்தேன். அவன் கெட்டவன் இல்லை. மறியலுக்குப் பயந்தவன்.

எனக்கும் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அனுமதியில்லாத தம்பியின் கையில் துவக்கைக் கொடுத்தவள், அனுமதியில்லாதவரிடம் திருத்தக் கொடுத்தவள், பிழையாக எழுதியவள் எல்லாம் நான்தான். அவனுடைய வழக்கும் இலேசாகாது. சொல்லாவிட்டால் எல்லாம் உங்கள் தலையில் விழும். இதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன். ஆனால் பொலிஸின் மேசைக்கு முன்னால் போய் இருக்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் தரவேண்டாம்.

சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம்.
17.08.2023

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலாயிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள், யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே.

எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது. ஏமாற்றுக்காரன் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த ஒரு மாதமாக நான் அதற்குத்தானே சண்டை போட்டேன். ஆனால் நிம்மதி வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அங்கம்மா சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டாள். இரண்டு கட்டையை ஊன்றித்தான் நடக்கிறாள். லயமே பார்க்கட்டும் என்று நான் நேரே அவள் காம்பிராவுக்குப் போனேன். அவள் சத்தம் போடவில்லை. கேட்டாள், “அண்ணே, துப்பாக்கிய முழுசாக் கழட்டித்தானே செஞ்சீங்க? உள்ளுக்க பல்லு தேஞ்சிருந்துச்சாமே. நீங்க பாக்கலையா?”

பார்த்தேன் என்று சொன்னேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஆமாம் அம்மா, நான் பார்த்தேன். கழற்றிய அன்றைக்கே பார்த்தேன். குதிரையைப் பிடித்து நிறுத்துகிற பல் மழுங்கிப்போய் இருந்தது. அதைத்தான் ஜூன் கடிதத்தில் இன்னொரு விஷயம் என்று மட்டும் எழுதி விட்டுவிட்டேன். நான் செய்த புதுக் குதிரை பழையதைவிடத் தடிப்பு, பாரம் கூட. அந்த மழுங்கின பல் பழையதையே பிடித்துக்கொண்டு திணறியது, புதியதை எப்படித் தாங்கும்? என் வேலை நன்றாக இருந்ததுதான் கெடுத்தது. இது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகம் இருந்தது. கேட்டு எழுதாதே என்று ஒரு டீச்சர் எழுதினால், சரிதான் போ, எனக்கென்ன, எழுதியதைச் செய்கிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. அந்த வீம்பில் வாயை மூடிக்கொண்டேன். ஐயா வந்து துப்பாக்கியை எடுத்தபோதாவது சொல்லியிருக்கலாம். அவர் பழைய சாமானைக் குப்பையில் போடு என்றதும் அந்த எண்ணமும் போயிற்று.

அசலை இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் தரவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தத் தாளுக்குப் பின்னால் நான் எவ்வளவு காலம் ஒளிந்துகொண்டிருப்பது? இதில் உங்கள் சொல் மட்டும்தான் இருக்கிறது. நான் கேட்காமல் விட்டது இதில் இல்லை. வேறு கொப்பி என்னிடம் இல்லை, பவாஸ் கடையில் எடுத்தது அந்த ஒன்றுதான். நீங்கள் எரித்தாலும் நான் அதைப்பற்றி வாய் திறக்கமாட்டேன். என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். 21ஆம் தேதிக்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று தபால் கந்தோரில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அ. அழகையா


பதுளை.
22.08.2023

அழகையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அசலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என்னை நம்பி அனுப்பினீர்களா, சோதித்துப் பார்க்க அனுப்பினீர்களா என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். தம்பி எதிரில் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

நேற்றுப் போனேன். கேள்விகளைச் சிங்களத்தில் இருந்து தமிழில் எழுதித் தர ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் முதல் கேள்வியை எழுத முன்னமே நான் பையைத் திறந்து, உங்கள் சீட்டோடு அந்த இரும்பை மேசையில் வைத்தேன். பக்கத்தில் அசலை வைத்தேன். இதற்கு என்ன பெயர் என்று மொழிபெயர்ப்பவரைக் கேட்டேன். அவர் ‘குதிரை’ என்று எழுதினார். பிறகு கொஞ்சம் யோசித்து, அருகில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறியைத்தான் நான் உங்களுக்குத் தடுத்தேன் என்று வாக்குமூலத்தில் சொன்னேன். பல் தேய்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்பதை நான் சொல்லவில்லை. அது உங்கள் வாயால் வரவேண்டியது.

சார்ஜன்ட் கடிதத்தை வாங்கி, வேறு ஒன்றிலும் கை வைக்க வேண்டாம் என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டார். எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் நான் போட்ட கோடு!

துவக்கு இனி வராது. பத்திரமும் போனதுதான். செப்டெம்பர் 11ஆம் தேதி நீதிமன்றத்துக்குத் தம்பியும் நானும் போகவேண்டும், நீங்களும் போகவேண்டியிருக்கும். தம்பி என்னோடு கதைப்பதில்லை, அதாவது எழுதிக் காட்டுவதில்லை. நேற்று இரண்டு நேரமும் சாப்பிடவில்லை. இன்று காலை தேத்தண்ணி குடித்தான். அவனுக்கு ஏதும் நடந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன். ஆனாலும் நேற்றுச் சொன்னதைத் திருப்பி வாங்கமாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கம்மா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். இந்த ஐந்து வாரமாக அது என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரை இல்லை. வருகிற ஞாயிறு, 27ஆம் தேதி, முதல் பஸ்ஸில் லுணுகலைக்கு வந்து அவளைப் பார்க்க நினைக்கிறேன். அவள் விரும்பினால் மட்டும். வரலாமா என்று அவளைக் கேட்டு எழுதுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அந்தச் சொல்லையே எழுதுங்கள், என் மனம் நோகுமே என்று மாற்ற வேண்டாம். விளங்காத சொல் இருந்தால் இந்த முறை நான் கேட்பேன்.

சுலோஜனா


வெள்ளைக்கல் தோட்டம்.
24.08.2023

டீச்சரம்மாவுக்கு,

நேற்றுப் பொலிஸுக்குப் போய், பல் தேய்ந்ததைப் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அங்கம்மாவைக் கேட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“வரட்டும். அன்னைக்கும் அதத்தான் கேட்டேன், எங் காலப் பாத்தீங்களான்னு. போர்வைய மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். பாக்காமலே போயிட்டாங்க. வந்து பாக்கட்டும்.”

இதில் அம்மாவுக்கு விளங்காத சொல் எதுவும் இருக்காது.

அ. அழகையா